காந்தமும் கனலும்

(இலேசர் உள்வெடிப்பின் வரலாற்றிலே ஓர் அத்தியாயம்)

ஞாயிறு எவ்வாறு எரிகின்றது என்னும் வினா மனிதன் எழுப்பிய மிகப் பழைய வினாக்களுள் ஒன்றாகும். நிலக்கரி எரிவதுபோல அஃது எரிவதாயின் சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் அணைந்து சாம்பராகியிருத்தல் வேண்டும். ஆனால் அது 460 கோடி ஆண்டுகளாக ஒளி வீசி வருகின்றது. இதன் மருமத்தை முதன்முதல் தெளிவாகச் சுட்டிக் காட்டியவர் ஆர்தர் எடிங்டன் என்னும் ஆங்கில வானநூலறிஞர். 1920ஆம் ஆண்டிலே கார்டிவ் நகரிற் கூடிய பிரித்தானிய விஞ்ஞான சங்கத்தின் மகாநாட்டில் அவர் உரை நிகழ்த்தினார். நான்கு ஐதரசன் அணுக்கள் கூடி ஓர் ஈலியம் அணுவாகும்போது ஏறத்தாழ நூற்றிருபதில் ஒரு பங்கு திணிவு குறைகின்றது என்பது அஸ்டன் என்பாரின் நுண்ணிய அளவீட்டினாற் புலப்பட்டிருந்தது. குறைந்த அத்திணிவே சக்தியாகி ஞாயிற்றை ஒளிரச் செய்கின்றது என எடிங்டன் கூறினார். அவ்வுரையிலேயே அவர் மற்றொன்றையும் சொல்லி வைத்தார். இச்சக்தியை மனிதன் ஆளக் கற்றுக்கொண்டால் அஃது அவனுடைய நல்வாழ்வுக்கும் பயன்படலாம், தற்கொலைக்கும் பயன்படலாம் என்பதே அது.

அன்று தொட்டு இன்றுவரை நூறாண்டுக்கு மேலாக அறிஞர்கள் இச்சக்தியின் பின்னே சென்றுகொண்டிருக்கின்றனர். அந்நெடும் பயணத்திலே காந்தம் வகித்த பங்கு விந்தையானது. முதலில் அது ஒரு சாராரின் கருவியாக மாத்திரம் இருந்தது. பின்னர் மறுசாராருக்கு அழையாத விருந்தாளியாக வந்து தொல்லை கொடுத்தது. ஈற்றில் அவர்களுக்கே உற்ற துணையாகவும் ஆயிற்று. இவ்வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நன்று எனக் கருதி இங்கே சுருக்கமாகக் கூற முற்படுகின்றோம்.

இரு வழிகள்

ஐதரசனுக்குத் தூத்தேரியம், திரித்தியம் எனப் பாரங்கூடிய இரு சமதானிகள் உண்டு. இவ்விரண்டின் கருக்களும் ஒன்று சேர்ந்தால் ஓர் ஈலியக் கருவும் ஒரு நியூத்திரனும் பிறக்கும். வெளிப்படும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை ஈலியக் கரு எடுத்துக்கொள்ளும். இதனையே அல்பாத் துணிக்கை என்பர். எஞ்சிய நான்கு பங்கும் நியூத்திரனுடன் வெளியேறிவிடும். ஆயினும் இக்கருக்கள் இலகுவில் ஒன்று சேர்வனவல்ல. இரண்டும் நேர் ஏற்றம் உடையவையாதலால் ஒன்றையொன்று தள்ளும். அத்தள்ளுகையை வென்று அவை மோத வேண்டுமாயின் வெப்பநிலை பல கோடி பாகைக்கு உயரல் வேண்டும். அவ்வெப்பத்திலே அணுக்கள் உடைந்து, இலத்திரன்கள் வேறாகவும் கருக்கள் வேறாகவும் அலைந்து திரியும். பொருளின் இந்நிலைக்குப் பிளாஸ்மா என்னும் பெயரை 1928இல் இட்டவர் அமெரிக்க விஞ்ஞானியாகிய ஏர்விங் லாங்மியூர்.

இத்தகைய கனலை எந்தப் பாத்திரத்தில் வைப்பது? ஞாயிறு தன் ஈர்ப்பினாலேயே தன்னைக் கட்டி வைத்திருக்கின்றது. மனிதனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆதலின் அவன் இரு வழிகளை நாடினான். முதலாவது, காந்தப்புலத்தாற் கூடு அமைத்து ஐதான பிளாஸ்மாவை நெடுநேரம் அதனுள்ளே அடைத்து வைத்தல். 1950ஆம் ஆண்டை ஒட்டிச் சோவியத்து நாட்டிலே இகோர் தாம், அந்திரே சக்காரவ் என்னும் இருவரும் இவ்வழியை வகுத்தனர். தொக்கமாக் எனப்படும் வளைய வடிவப் பொறி அதிலிருந்து தோன்றியதே.

இரண்டாவது வழி இதற்கு நேர்மாறானது. எரிபொருளை எண்ணற்கரிய அடர்த்திக்கு ஒரே கணத்தில் நசுக்கி, அது சிதறிப் போவதற்கு முன்னரே எரித்து முடித்துவிடுவது. பொருள் தன் சடத்துவத்தினாலே எத்துணை நேரம் நின்ற இடத்தில் நிற்குமோ அத்துணை நேரமே இங்கு அவகாசம். இவ்வழியின் முதலாவது வெற்றி அழிவின் வடிவத்திலேயே வந்தது. 1952 நவம்பர் முதலாந் திகதி பசுபிக் சமுத்திரத்திலே வெடித்த ஐதரசன் குண்டுப் பரிசோதனை ஒரு தீவையே இல்லாமற் செய்தது. எடிங்டன் சொன்ன இரண்டாவது வாய்ப்பு முதலாவதை முந்திக்கொண்டது.

இலேசரும் உள்வெடிப்பும்

நசுக்கும் தொழிலுக்கு அணுக்குண்டை விட்டால் வேறு கருவி இல்லை என்ற நிலை 1960 மே மாதத்தில் மாறியது. அமெரிக்காவின் மாலிபு என்னும் இடத்திலே தியோடர் மேமன் மாணிக்கக் கற்கோலொன்றிலிருந்து முதலாவது இலேசர் ஒளியை எழுப்பினார். ஒளியைச் சிறு புள்ளியொன்றிலே குவித்து, கணத்தின் சிறு கூற்றுக்குள் பெருஞ் சக்தியைக் கொட்டலாம் என்பது உடனே பலருக்கும் புலனாகியது. சோவியத்து அறிஞர்களாகிய பசோவ், குரோகின் என்போர் அறுபதுகளின் முற்பகுதியிலேயே இலேசரினாற் பிளாஸ்மாவைச் சூடாக்கும் வகையை ஆராய்ந்தனர். அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுகூடத்திலே ஜோன் நக்கோல்ஸ் இதனை இரகசியமாக ஆராய்ந்து வந்தார். 1972 செப்ரெம்பரில் அவரும் துணைவர் மூவரும் எழுதிய கட்டுரை "நேச்சர்" சஞ்சிகையில் வெளியாகியதும் விடயம் உலகறிய வந்தது.

அவர்கள் சொன்ன உபாயம் இது. எரிபொருளைச் சிறு கோளத்தினுள் வைத்து, அதன் வெளித்தோலை எல்லாப் பக்கங்களிலிருந்தும் இலேசரினாற் சுடுதல் வேண்டும். வெளித்தோல் ஆவியாகி வெளிநோக்கிச் சீறும். அதன் எதிர்த்தாக்கத்தால் உட்பகுதி மையத்தை நோக்கிப் பாயும். வாணம் மேலெழுவதும் இவ்விதியினாற்றான். ஆனால் இங்கோ எல்லாத் திசையிலிருந்தும் வரும் வாணங்கள் ஒரே புள்ளியிற் சந்திக்கின்றன. வெளிநோக்கிச் சிதறுவது வெடிப்பெனின், உள்நோக்கிச் சரியும் இதனை உள்வெடிப்பு எனலாம். லிவர்மோரின் பெரிய இலேசர் நிலையத்திலே ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் விட்டமுள்ள கோளம் செக்கனுக்கு 300 முதல் 400 கிலோமீற்றர் வேகத்திற் சரிகின்றது. ஈற்றில் மையத்திலே மிகச் சூடான ஒரு பொட்டும், அதனைச் சுற்றி அடர்ந்த, ஒப்பளவிற் குளிர்ந்த எரிபொருட் கவசமும் அமையும். பொட்டிலே தீ மூண்டால் அது கவசத்துக்கும் பரவும். இவை யாவும் செக்கனின் ஆயிரங் கோடியில் ஒரு பங்கு அளவான நேரத்துள் நடந்து முடிதல் வேண்டும்.

இம்முயற்சிக்குப் பகைகள் இரண்டு. முதற் பகை வெப்பக் கசிவு. சூடான பொட்டிலிருந்து இலத்திரன்கள் வெப்பத்தைச் சுமந்து குளிர்ந்த கவசத்துக்கு ஓடிவிடுகின்றன. இரண்டாவது பகை உறுதியின்மை. பாரமான திரவத்தை இலேசான திரவம் தாங்கி நிற்க முயன்றால் எல்லையிலே அலைகள் தோன்றி வளர்ந்து இரண்டும் கலந்துவிடும். 1883இல் இரேலிப் பிரபுவும் 1950இல் ஜி. ஐ. ரெயிலரும் விளக்கிய இவ்வுறுதியின்மை, சரிந்துவரும் கோளத்தைக் கிழித்து, குளிர்ந்த பொருளை ஊசிகள்போல உட்செலுத்தி, மூண்ட தீயையும் அணைத்துவிடும். இவ்விரு பகைகளுக்கும் இடையிலேதான் காந்தம் வந்து புகுந்தது.

அழையாது வந்த காந்தம்

இலேசர் வழியினர் காந்தத்தைத் தேடிச் செல்லவில்லை. காந்தமே அவர்களைத் தேடி வந்தது. 1971ஆம் ஆண்டிலே வாஷிங்டனில் உள்ள கடற்படை ஆய்வுகூடத்தில் ஸ்ராம்பரும் துணைவரும் இலேசர் மூட்டிய பிளாஸ்மாவினுள்ளே தானாகத் தோன்றிய காந்தப்புலத்தைக் கண்டறிந்து வெளியிட்டனர். காந்தமோ மின்சுருளோ வைக்காத இடத்திலே புலம் எங்கிருந்து வந்தது?

விடையை வானநூல் முன்னரே தந்திருந்தது. ஜேர்மனிய அறிஞரான லூட்விக் பியர்மன் 1950இல் விண்மீன்களின் காந்தம் எவ்வாறு பிறந்திருக்கலாம் என ஆராய்ந்தபோது ஒரு விதியைக் கண்டார். பிளாஸ்மாவின் அடர்த்தி ஒரு திசையிலும் வெப்பநிலை வேறொரு திசையிலும் மாறுமாயின், இலத்திரன்களின் அமுக்கம் அவற்றைச் சுழியாக ஓடச் செய்யும். சுழியான ஓட்டம் காந்தப்புலத்தைப் பிறப்பிக்கும். மின்கலமில்லாத மின்கலம் இது. விண்மீனுக்கென்று கண்ட விதி, இலேசர் சுட்ட சிறு தகட்டின் மேலும் அவ்வாறே நடந்துகொண்டது. 1975இல் ஸ்ராம்பரும் ரிப்பினும் ஒளியின் தளம் திரும்பும் அளவைக்கொண்டு இப்புலத்தை அளந்தனர். அது நூறு தெசுலா அளவை எட்டியிருந்தது. நாம் நிற்கும் நிலத்தின் காந்தப்புலம் ஒரு தெசுலாவின் இருபத்தையாயிரத்தில் ஒரு பங்கேயாகும் என்பதை வைத்து இதன் பெருமையை ஊகித்துக்கொள்ளலாம். அளக்க உதவிய அவ்வொளித் திருப்பமோ 1845இல் மைக்கேல் பரடே கண்டது.

இப்புலம் வெறும் வேடிக்கையன்று. காந்தப்புலத்திலே இலத்திரன்கள் நேரே ஓடாமல் வட்டமிடுமாதலால், அவை சுமந்து செல்லும் வெப்பமும் வழி மாறுகின்றது. வெப்பத்தின் ஒரு பகுதி பக்கவாட்டிலே திரும்பிவிடும். உலோகத் துண்டுகளில் இதனை 1887இல் ரீகி, லெடுக் என்போர் கண்டிருந்தனர். பிளாஸ்மாவுக்குரிய முழுக் கணக்கையும் 1965இல் சோவியத்து அறிஞர் பிராகின்ஸ்கி எழுதி வைத்தார். உள்வெடிப்பின் ஈற்றுக் கணத்திலும் இத்தகைய புலங்கள் தோன்றுகின்றனவா என லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த உவோல்ஷும் சிற்றெண்டனும் கணனியினாற் கணித்து 2017இல் முடிவு கூறினர். சூடான பொட்டின் ஓரத்திலே பல்லாயிரம் தெசுலா வரையிலான புலம் தானாகவே எழக்கூடும். அது வெப்பத்தைப் பக்கவாட்டிலே திருப்புவதனால் குளிர்ந்த ஊசிகள் இன்னும் ஆழமாக உட்புகும் என்பதே அவர்கள் கண்டது. அழையாது வந்த விருந்தாளி வீட்டின் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போவதுபோன்ற செயல் இது.

உறைந்த கோடுகள்

இங்ஙனம் தொல்லை தந்த காந்தத்தையே துணையாக்கிக்கொள்ளலாம் என்னும் எண்ணத்தின் வேர் இன்னும் பழையது. 1942இல் சுவீடிய அறிஞர் அன்னிஸ் அல்வேன், மின்னை நன்கு கடத்தும் பாய்பொருளிலே காந்தக் கோடுகள் உறைந்து கிடப்பவைபோல ஒட்டிக்கொள்ளும் என்பதைக் காட்டினார். பொருள் நகர்ந்தால் கோடுகளும் நகரும். பொருள் நெருங்கினால் கோடுகளும் நெருங்கும். முதலில் பலர் இதனை நம்பவில்லை. பின்னர் 1970இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கோடுகள் உறைந்திருக்குமாயின் அவற்றைப் பிடித்து நசுக்கலாமன்றோ? காந்தக் கூட்டுக்கு வழி வகுத்த அதே சக்காரவ்தான் இதனையும் எண்ணினார். உலோகக் குழாயொன்றினுள்ளே சிறிய காந்தப்புலத்தை ஏற்படுத்தி, குழாயைச் சுற்றி வெடிமருந்தை வைத்து நசுக்கினால் புலம் பன்மடங்காகப் பெருகும். ஐம்பதுகளின் தொடக்கத்திலே இதனைப் பரிசோதித்த சோவியத்து அறிஞர்கள் அறுபதுகளில் 2,500 தெசுலா அளவை எட்டினர். அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்திலும் பவுலர் முதலியோர் இத்தகைய முயற்சியில் ஆயிரம் தெசுலாவைத் தாண்டி 1960இல் அதனை வெளியிட்டனர். பனிப்போரின் இரு கரைகளிலும் ஒரே எண்ணம், ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாமலே முளைத்தது. ஐதரசன் குண்டு செய்யத் துணைநின்ற சக்காரவ் பிற்காலத்தில் மனித உரிமைக்காகக் குரல் கொடுத்து 1975இல் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார் என்பதும் இளைஞர்கள் நினைவிற்கொள்ள வேண்டியது.

சுவரன்று, போர்வை

நசுங்கும் எரிபொருளினுள்ளே காந்தக் கோடுகளையும் வைத்து நசுக்கினால் யாது நிகழும் என்பதை 1983இல் லின்டமத், கேர்க்பற்றிக் என்னும் இருவரும் விரிவாகக் கணித்து வெளியிட்டனர். அவர்கள் கண்ட நன்மையைச் சில எண்களாற் காட்டலாம்.

ஒரு கோளத்தின் ஆரை முப்பதில் ஒரு பங்காகச் சுருங்குமாயின் அதன் குறுக்குவெட்டுப் பரப்பு தொள்ளாயிரத்தில் ஒரு பங்காகும். கோடுகள் தப்பாதிருந்தால் புலம் 900 மடங்காகும். தொடக்கத்தில் 26 தெசுலா வைத்தால் முடிவில் 23,400 தெசுலா வரும். இது பூரண நிலை. நடைமுறையில் ஒரு பகுதி கசிந்துவிடும். 10,000 தெசுலாவே எஞ்சியதாகக் கொண்டாலும் அது நிலத்தின் புலத்தைப்போல 25 கோடி மடங்கு.

இத்துணைப் பெரிய புலம் பிளாஸ்மாவைச் சுவர்போல நின்று தாங்குமா எனின், தாங்காது. 10,000 தெசுலாப் புலத்தின் அமுக்கம் ஏறத்தாழ 40 கோடி வளிமண்டலம். நன்கு அமைந்த உள்வெடிப்பிலே சூடான பொட்டின் அமுக்கமோ 30,000 கோடி வளிமண்டலத்துக்கு மேற்பட்டது. ஆனைக்கு முன்னே பூனை போன்றதே காந்தத்தின் அமுக்கம். ஆயினும் பிளாஸ்மாவைத் தாங்க இயலாத அப்புலம், அதிலுள்ள ஒவ்வோர் இலத்திரனையும் வளைக்க வல்லது. வட்டமிடும் இலத்திரன், கோட்டின் வழியே ஓடுமேயன்றிக் கோட்டைக் கடந்து ஓடாது. ஆதலின் மூன்று திசைகளில் இரண்டிலே வெப்பக் கசிவு அடைபடும். கோடுகளின் வழியான ஒரு திசை மாத்திரம் திறந்திருக்கும். கடத்தலால் வரும் இழப்பு மூன்றில் ஒரு பங்கை நோக்கிக் குறையும்.

இரண்டாவது நன்மை அல்பாத் துணிக்கையைப் பற்றியது. தீ மூளுவதும் பரவுவதும் இத்துணிக்கை தன் சக்தியைப் பொட்டினுள்ளேயே விட்டுச் செல்வதைப் பொறுத்தது. 10,000 தெசுலாப் புலத்தில் அத்துணிக்கை இடும் வட்டத்தின் ஆரை 27 மைக்கிரோமீற்றர். சூடான பொட்டின் ஆரை 30 முதல் 50 மைக்கிரோமீற்றர் அளவினது. ஆகவே தப்பி ஓட வேண்டிய துணிக்கை பொட்டினுள்ளேயே சுற்றித் திரிந்து அதனைச் சூடாக்கும். சுருங்கக் கூறின், காந்தம் இங்கே சுவரன்று. குளிர்காலத்திற் போர்க்கும் போர்வை போன்றது. போர்வை தானாகச் சூடு தருவதில்லை. உள்ள சூட்டைப் போகவிடாமற் காக்கின்றது.

பரிசோதனைகளின் தீர்ப்பு

எண்ணம் நன்றாயினும் பரிசோதனையே நீதிபதி. அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரிலே 60 கதிர்களைக் கொண்ட ஒமேகா என்னும் இலேசர் உள்ளது. அங்கே கொச்செவும் துணைவரும் எரிவாயு நிரப்பிய சிறு பிளாஸ்திக்கு உருளையைச் சுற்றி மின்சுருள் அமைத்து, ஒரு கணம் பெருமின்னைப் பாய்ச்சி 5 தெசுலாவை ஒட்டிய வித்துப் புலத்தை உண்டாக்கினர். அக்கணத்திலேயே இலேசரினால் உருளையை நசுக்கினர். உள்ளே பெருகிய புலம் 3,000 தெசுலா அளவை எட்டியதாக 2009இல் அறிவித்தனர். எந்தக் கருவியும் உட்புகாத அவ்விடத்தை எவ்வாறு அளந்தனர்? அருகே வேறொரு சிறு கோளத்தை உள்வெடிக்கச் செய்து, அதிலிருந்து பறந்த புரோத்தன்களை உருளையினூடே செலுத்தி, அவை எவ்வளவு வளைந்தன என்று பார்த்தனர்.

2011இல் அதே நிலையத்தில் சாங்கும் துணைவரும் கோளத்தையே எடுத்துக்கொண்டனர். 8 தெசுலா வித்துப் புலத்துடன் நசுக்கியபோது வெப்பநிலை 15 வீதமும் நியூத்திரன் விளைச்சல் 30 வீதமும் கூடின. காந்தப் போர்வை வெப்பத்தைக் காக்கின்றது என்பதற்கு இலேசர் உள்வெடிப்பிற் கிடைத்த முதலாவது நேரடிச் சான்று இதுவாகும்.

நியூ மெக்சிக்கோவிலுள்ள சான்டியா ஆய்வுகூடத்தினர் இதற்கு உறவான வேறொரு வழியை மேற்கொண்டனர். அவர்கள் இலேசரை நசுக்குவதற்கன்றி முன்கூட்டிச் சூடாக்குவதற்கே பயன்படுத்தினர். 10 தெசுலாப் புலத்திலே வைத்த பெரிலியக் குழாயினுள் இருந்த எரிபொருளை இலேசரினாற் சூடாக்கி, பின்னர் 190 இலட்சம் அம்பியர் மின்னோட்டத்தினாற் குழாயை நசுக்கினர். செக்கனுக்கு 70 கிலோமீற்றர் என்னும் மெதுவான வேகத்திலேயே மூன்று கோடி பாகையை ஒட்டிய வெப்பநிலை கிடைத்ததை 2014இல் வெளியிட்டனர். போர்வை இருப்பின் அவசரம் வேண்டியதில்லை என்பது இதனாற் புலனாயிற்று.

இவற்றின் பின்னரே லிவர்மோரிலுள்ள 192 கதிர்களையுடைய தேசிய நிலையம் இத்துறையில் இறங்கியது. அங்கே இலேசர் நேரே கோளத்தைச் சுடுவதில்லை. சிறு பொற்குழலின் உட்சுவரைச் சுட்டு, அதிலிருந்து எழும் எக்ஸ்-கதிர்களினாற் கோளத்தை நசுக்குவர். மூடியும் துணைவரும் தூத்தேரிய வாயு நிரப்பிய கோளங்களை 26 தெசுலாப் புலத்திலே நசுக்கியபோது வெப்பநிலை 40 வீதம் உயர்ந்தது. நியூத்திரன் விளைச்சல் 3.2 மடங்காயிற்று. இது 2022 நவம்பரில் வெளியாகியது. அடுத்த மாதம் 5ஆந் திகதி அதே நிலையத்தில் வேறொரு பெருஞ் செயல் நிகழ்ந்தது. 20.5 இலட்சம் யூல் இலேசர் சக்தியைக்கொண்டு 31.5 இலட்சம் யூல் சக்தி பெறப்பட்டது. கொடுத்த ஒளியிலும் பெற்ற கனல் மிகுந்தது வரலாற்றிலே அதுவே முதன்முறை. அப்பரிசோதனையில் வெளியிலிருந்து காந்தப்புலம் இடப்படவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். காந்தமில்லாமலே மூண்ட தீயைக் காந்தத்தினால் இன்னும் எளிதாக, இன்னும் பெரிதாக மூட்டலாமா என்பதே இப்போது எழுந்துள்ள வினா.

தடைகள்

வழியிலே தடைகள் பல உண்டு. பொன் மின்னை மிக நன்றாகக் கடத்துவது. ஆதலின் வெளியே திடீரென எழும் புலத்தைப் பொற்குழல் உட்புகவிடாமல் தன்னுள்ளே எதிர்மின்னோட்டங்களை எழுப்பித் தடுக்கும். இதனை வெல்லப் பொன்னுடன் தந்தாலத்தைக் கலந்து, மின்னைக் குறைவாகக் கடத்தும் புதுக் குழல்களைச் செய்தனர். புலம் தாராளமாக உட்சென்றது.

அடுத்து, காந்தக் கோடுகளுக்குத் திசை உண்டு. கோளத்துக்குத் திசை இல்லை. துருவங்களின் வழியே வெப்பம் ஓடும், நடுக்கோட்டின் வழியே ஓடாது என்றால் கோளம் கோளமாக இராது. இதனைச் சரிசெய்ய இலேசர் கதிர்களின் பங்கீட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

மூன்றாவது, வெப்பம் ஓடும்போது காந்தக் கோடுகளையும் உடன் இழுத்துச் செல்லும். 1886இல் எற்றிங்ஸ்கவுசன், நேர்ன்ஸ்ற் என்போர் பிஸ்மது என்னும் உலோகத் தகட்டிலே கண்ட விளைவின் மறுபக்கம் இது. போர்வை போர்த்தவனை விட்டு மெல்ல நழுவுவதுபோலப் புலம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு நழுவும். அற்பமென எவரும் ஒதுக்கியிருக்கக்கூடிய ஒரு மேசைப் பரிசோதனை, நூற்றாண்டு கழிந்து விண்மீன் கனலைக் கட்டும் வேலைக்கு இன்றியமையாததாகிவிட்டது.

இரண்டாவது பகையென முன்னர்க் கூறிய உறுதியின்மையைக் காந்தம் என் செய்யும்? இவ்விடத்திலே தமிழ்க் குடும்பத்திற் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைக் கூறாதிருத்தல் இயலாது. விண்மீன்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1983இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். 1953இல் என்றிக்கோ பேர்மியுடன் சேர்ந்து, காந்தப்புலம் உள்ள இடத்தில் ஈர்ப்பின் உறுதி யாதாகும் என ஆராய்ந்தார். பின்னர் 1961இல் பாய்பொருள்களின் உறுதியைப் பற்றி அவர் எழுதிய பெருநூலிலே, பாரமான பாய்பொருள் இலேசானதன் மேல் நிற்கும்போது காந்தப்புலம் யாது செய்யும் என்பதைக் கணித்துக் காட்டினார். எல்லையை ஒட்டிக் கிடக்கும் கோடுகள் வீணைத் தந்திபோல இழுவிசை உடையவை. அவற்றை வளைத்துக்கொண்டு எழும் அலைகளை அவை அடக்கும். ஆனால் கோடுகளுக்குக் குறுக்காக ஓடி, அவற்றை வளைக்காமற் பிரித்துச் செல்லும் அலைகளை அடக்கமாட்டா. இலேசர் உள்வெடிப்பை ஆராய்வோர் இன்றும் அந்நூலைத் திறந்து பார்க்கின்றனர். இலேசர் பிறந்த மறு ஆண்டிலே, விண்ணை நினைந்து எழுதப்பட்ட நூல் அது.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வளவும் கேட்டபின், நம் வீட்டு விளக்குகள் நாளையே இக்கனலால் எரியும் என எவரும் எண்ணிவிடல் ஆகாது. லிவர்மோரில் 20.5 இலட்சம் யூல் ஒளியை எழுப்புவதற்கு மின்னிணைப்பிலிருந்து எடுக்கப்பட்டது ஏறத்தாழ 30 கோடி யூல். கோளத்தின் கணக்கிலே இலாபம். கட்டடத்தின் கணக்கிலே பெருநட்டம். மின் உற்பத்திக்காயின் செக்கனுக்குப் பலமுறை சுட வேண்டும். ஒவ்வொரு முறையும் புதுக் கோளமும், காந்தம் வேண்டுமாயின் புதுச் சுருளும் தேவைப்படும். குறைந்த இலேசர் சக்தியுடனே தீயை மூட்ட உதவுமாயின் காந்தத்தின் சேவை பெரிதாகும். ஆனால் அது கைகூடும் வரை கணக்கைக் கணக்காகவே வைத்தல் அறிவுடைமை.

மற்றொன்றையும் மறைத்தல் தகாது. அப்பெரும் நிலையம் கட்டப்பட்டதன் முதன்மை நோக்கம் மின்சாரமன்று. 1992இல் அமெரிக்கா நிலத்தடி அணுப் பரிசோதனைகளை நிறுத்தியபின், கையிருப்பிலுள்ள ஆயுதங்களின் நிலையை வெடிக்காமலே அறிதற்காக அது கட்டப்பட்டது. எடிங்டன் 1920இற் சொன்ன இரு வாய்ப்புகளும் இன்றும் ஒரே கட்டடத்தினுள்ளே அருகருகே வாழ்கின்றன. எது வளரும் என்பதைப் பௌதிகவியல் தீர்மானிக்காது. அதனைப் பயன்படுத்தும் மனிதரே தீர்மானிப்பர்.

இவ்வரலாற்றில் ஈடுபட்டோரை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் உலோகத் தகட்டைச் சூடாக்கினார். ஒருவர் விண்மீனின் காந்தத்தை எண்ணினார். ஒருவர் குண்டு செய்து பின் சமாதானம் பேசினார். ஒருவர் சென்னையிற் கற்றுச் சிக்காகோவிற் கணக்கிட்டார். இவர்களுட் பலர் இலேசர் உள்வெடிப்பு என்னும் சொல்லையே அறியாதவர். ஆயினும் அவர்கள் தத்தம் வேலையைப் பழுதறச் செய்து வைத்தமையாற் பின்வந்தவர் அதனை எடுத்துக்கொள்ள முடிந்தது. நாற்பது ஆண்டுகளாக ஒருவரையொருவர் மாற்று வழியினராகக் கருதியிருந்த காந்தக்காரரும் இலேசர்க்காரரும் இன்று ஒரே சுருளைச் சுற்றி நிற்கின்றனர்.

நம்மிடம் 192 கதிருள்ள இலேசர் இல்லை. அது பற்றி நாம் வருந்த வேண்டியதுமில்லை. பியர்மனுக்கு வேண்டியிருந்தவை தாளும் எழுதுகோலும் தெளிந்த கணிதமுமே. சந்திரசேகருக்கும் அவையே போதுமாயிருந்தன. பௌதிகத்தையும் கணிதத்தையும் பரீட்சைக்காக மாத்திரமன்றிப் பொருளுணர்ந்து கற்கும் இளைஞன் எவ்வூரில் இருந்தாலும் இவ்வேலையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ளலாம். இம்மலரைப் படிக்கும் இளைஞருள் ஒருவரேனும் அதனைப் பிடிப்பாராயின், மூத்தோர் அவருக்கு வேண்டிய நூல்களையும் அவகாசத்தையும் கொடுத்துத் துணைநிற்பாராக.